எண்பது விழுக்காடு

துணி போர்த்தும் முன்
ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும் என்பது சட்டம்.
அந்த ஒருவர் நான்.
டார்ச், பல்மருத்துவரிடம் இருப்பதுபோல் ஒரு குட்டிக் கண்ணாடி,
முழங்காலுக்கு அடியில் போட ஒரு துண்டு.
சாஸ்கட்டூனிலிருந்து இரண்டு மணி நேரம்,
கடைசி முப்பது கிலோமீட்டர் சரளைக்கல்.

லோர்ன் ஃப்ரீசன் கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளுகிறார்.
உள்ளே, அறுவடை எந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு
நிற்கிறது
நாற்பதுகளின் பயிற்சி விமானம் ஒன்றின் எலும்புக்கூடு.
மேலொன்று கீழொன்றாய் இரட்டைச் சிறகு.
எல்லாம் இருக்கிறது, எல்லாம் கொஞ்சம் குறைவாக,
தூரத்தில் நிற்பதுபோல.
கிட்டப் போய்த் தொட்டாலும்
தூரத்தில் நிற்பதுபோல.

"எண்பது விழுக்காடு" என்கிறார்,
தள்ளுபடி சொல்லும் கடைக்காரர் குரலில்.

கணக்கு அவ்வளவு எளிதல்ல.
நீளம் எண்பது என்றால்
பரப்பு அறுபத்து நான்கு,
கனம் ஐம்பத்தொன்று.
போல்ட் சுருங்காது, கடையில் உள்ள அளவுதான்.
பசை சுருங்காது; மைனஸ் முப்பதில் அது இறுகவும் செய்யாது.
ஒரு ஜனவரி முழுக்கச் சிறகின் விலா எலும்புகள்
சமையலறையில், அடுப்புக்கு மேலே தொங்கிக் காய்ந்தனவாம்.
சூப் வாசனை இன்னும் போகவில்லை என்கிறார்.
மோந்து பார்த்தேன். மரவாசனைதான்.
காற்றும் சுருங்காது.
போர்க்காலப் பள்ளியின் ஓடுபாதை கிடந்த இடத்தில்,
சிமெண்ட் வெடிப்புகளில் முளைத்த கனோலாவுக்கு மேல்
நூற்றுக்கு நூறாகக்
காத்துக் கிடக்கிறது.

பயிற்றுநரின் முன்னிருக்கை எங்கே என்கிறேன்.
மூடியைத் தட்டிக் காட்டுகிறார்: டங், டங்.
பெட்ரோல் தொட்டி.
கற்றுக்கொடுக்க ஆளில்லாத பயிற்சி விமானம்.
குறித்துக்கொள்கிறேன். குற்றமல்ல.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்.
வாலருகே ஒரு நட்டுக்குப் பூட்டுக்கம்பி இல்லை.
விலா எலும்பு ஒவ்வொன்றிலும்
பென்சிலில் ஓர் எண்: 61 கிராம். 58. 60.
ஒன்றில் மட்டும்: 66. போகட்டும், விடு.
எழுத்து லோர்னுடையது அல்ல.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
லாரி லாரியாகக் கோதுமை நிறுக்கும் டார்லா கோவாலுடையது.
லோர்ன் வெட்டினார், டார்லா நிறுத்தார்,
பதினோரு வருடம், செவ்வாயும் வியாழனும்.
இதோ, பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து
ஒன்றும் பேசாமல் ஆரஞ்சு உரிக்கிறார்.

சுக்கான் மிதிகள் வரைபடத்தில் உள்ளதைவிட
நான்கு விரற்கடை பின்னால்.
ஏன் என்று கேட்டேன்.
லோர்ன் உப்புத்தாளைத் தேடப் போனார்.

சரி, ஏறி உட்காருங்கள்,
கம்பிகள் உரசுகின்றனவா பார்க்க வேண்டும்.
ஒரு கால் போயிற்று.
மறுகாலும் போயிற்று.
இடுப்பில் நின்றது.
எதையும் சுருக்கலாம் மரத்தில்;
எண்சாண் உடம்பிடம்
எண்பது விழுக்காடு செல்லாது.
"எப்போது தெரியும்?"
"நாலாவது வருடமே."
மிச்ச ஏழு வருடத்தைப் பற்றி
நான் கேட்கவில்லை, படிவத்திலும் அதற்கு இடமில்லை.

டார்லா கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்,
பூட்ஸைக் கழற்றினார்,
கீழ்ச்சிறகில் எங்கே கால் வைக்கலாம் என்று
கேட்காமலே வைத்தார்.
ஐந்தடி ஓர் அங்குலம்.
பாதம் மிதியில் பதிந்தது, தேடவில்லை.
மூன்று கோடையாகப் பிரின்ஸ் ஆல்பர்ட்டில்
வாடகை விமானத்தில் கற்றதை
அப்போதுதான் சொன்னார், எங்களிடமா வாலிடமா தெரியவில்லை.
லோர்ன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இடது, என்றேன். சுக்கான் இடதுக்குப் போனது.
வலது, என்றேன்.
எதுவும் உரசவில்லை.

கட்டியவர் பெயர் எழுத
படிவத்தில் ஒரே ஒரு கோடு.
இரண்டு பேரும் பேனாவைப் பார்த்தார்கள்.
சின்னதாக எழுதுங்கள், இடம் போதும், என்றேன்.
வாலருகே அந்த நட்டு.
துணி போர்த்தும் முன்
கம்பி போட மறந்துவிடாதீர்கள்.